டவுன்ஏஸ் வேனுக்கு டர்போ: லபுக்கலை ஏற்றத்துக்காகச் செய்த வேலை

கண்டி-நுவரெலியாப் பாதையில் இறம்பொடையைத் தாண்டி லபுக்கலைக்கு ஏறும் வளைவுகளில் என் டவுன்ஏஸ் இப்போது முழுப் பாரத்தோடு மூன்றாம் கியரில் ஏறுகிறது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கறுப்புப் புகை இல்லை. டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. மொத்தச் செலவு 213,500 ரூபா. டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி. அந்த டர்போ செட்டுக்குப் போனது 62,000 மட்டும்தான். மிச்சப் பணம் எங்கே போனது என்பதைத்தான் விவரமாக எழுத நினைக்கிறேன். இந்த வேலையைப் பற்றி விசாரிக்கிற எல்லாரும் முதலில் டர்போ என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியோடு இறங்கினால் எஞ்சின் போய்விடும்.

வேன் டொயோட்டா டவுன்ஏஸ் சீ.ஆர்.27. எஞ்சின் 2சீ, 1,974 சீ.சீ., டர்போ இல்லாத டீசல். கண்டி மொத்தக் கடைகளில் அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு ஏற்றி நுவரெலியாப் பக்கத்துத் தோட்டக் கடைகளுக்குப் போடுவது என் தொழில். பாரம் 600 கிலோவுக்கு மேல் வரும். கண்டி சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீட்டரில். அதாவது சாமானோடு போவது எப்போதும் ஏற்றம், வெறும் வண்டியாக வருவது இறக்கம். வேறு வண்டி வாங்கலாமே என்று கேட்கலாம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வேன்களின் விலை ஏறிய ஏற்றத்தில், கையில் இருப்பதைச் சரி பண்ணுவதுதான் எனக்குக் கட்டுப்படியான வழியாக இருந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். நுவரெலியாவில் ஏறக்குறைய 81. ஐந்தில் ஒரு பங்கு காற்று இங்கே இல்லை. ஆனால் என் வேனில் இருக்கிற மாதிரிப் பழைய டீசல் பம்ப்புக்கு அது தெரியாது. கொழும்பில் விடுகிற டீசலைத்தான் இங்கேயும் விடும். காற்று போதாமல் எரியாத டீசல் கறுப்புப் புகையாகப் போகும், புகைக்குழாய்ச் சூடும் ஏறும். ஆகவே எனக்குத் தேவைப்பட்டது கூடுதல் டீசல் இல்லை, காற்று. டர்போவைப் போட்டு, டீசலைத் தொடாமல் விடுவது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொண்டேன்.

அதனால் முதலில் வாங்கியது டர்போ இல்லை, மீட்டர்தான். புகைக்குழாய்ச் சூடு காட்டும் டிஜிட்டல் மீட்டர் ஒன்று, டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம் (பூஸ்ட்) காட்டும் மீட்டர் ஒன்று, இரண்டும் சேர்த்து 19,500 ரூபா. நாலு சிலிண்டரின் புகையும் வந்து சேரும் பழைய மெனிபோல்டை ஒட்டிய பைப்பில் ஒரு நட்டை வெல்ட் செய்து சூட்டுக் கம்பியைச் செருகினேன். டர்போ இல்லாமலே வழக்கமான பாரத்தோடு ஓடிப் பார்த்ததில், கம்பளை தாண்டி புசல்லாவைக்கு ஏறும்போது 640 பாகை செல்சியஸ் காட்டியது. லபுக்கலை வளைவுகளில் அதே கால் அழுத்தத்தில் 735. வேன் ஊர்ந்துகொண்டிருந்தது, ஆனால் உள்ளே வெந்துகொண்டிருந்தது. இந்த இரண்டு எண்களும் கையில் இருந்ததால்தான் பின்னால் செய்த ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. மீட்டர் இல்லாமல் டீசல் எஞ்சினுக்கு டர்போ போடுகிறவர்களை நான் தடுக்கத்தான் பார்ப்பேன்.

அப்புறம் எஞ்சினின் உடம்பு. டீசல் பீச்சும் நொசல்களைக் கழற்றிய ஓட்டைகளில், சிலிண்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் மீட்டரை மாட்டிப் பார்த்தோம். நாலு சிலிண்டரும் 350க்கும் 370க்கும் இடையில், பீஎஸ்ஐ என்ற அழுத்தக் கணக்கில். மேலே எடுக்கிற ரீடிங் கீழ்நாட்டில் எடுப்பதைவிடக் குறைவாகத்தான் வரும், காற்றே குறைவு என்பதால். ஆகவே எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நாலும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகக் கீழே நின்றிருந்தால் இந்த வேலையை அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

2சீ எஞ்சினில் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் சூடு தாங்காமல் வெடிப்பு விடும் என்பது கராஜ் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். அதற்காக ரேடியேட்டரின் உள்கூட்டை முழுக்க மாற்றினேன், 28,000. நாலு நொசலையும் புதிதாகப் போட்டு அழுத்தம் சரி பார்த்ததில் 24,000. மீட்டர்களோடு சேர்த்தால், டர்போவைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே 71,500 ரூபா போய்விட்டது. பிரேக் வேலை தனி. முன் பேட், பின் லைனிங், ஹோஸ் எல்லாம் மாற்றியதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இறம்பொடை இறக்கத்தில் ஓடுகிற வண்டிக்கு அது எப்படியும் செய்ய வேண்டியது.

டர்போ கிடைத்தது கொழும்பு பஞ்சிகாவத்தையில். இதே எஞ்சினின் டர்போ வகை 2சீ-டீ. அதிலிருந்து கழற்றிய டர்போ, எக்ஸோஸ்ட் மெனிபோல்ட், காற்று முழங்கை, ஒயில் பைப் எல்லாம் ஒரே செட்டாக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். டர்போவை மட்டும் மலிவாகத் தருகிறேன் என்பார்கள். வாங்காதீர்கள். மெனிபோல்டை இங்கே இரும்பில் கட்டுவதற்கு லேத்காரர் கேட்கும் கூலியும், அது சூட்டில் வெடித்தால் மறுபடி கட்டும் செலவும் சேர்த்தால் செட்டின் விலையைத் தாண்டிவிடும்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை சில உண்டு. சுற்றும் தண்டை விரலால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது. பக்கவாட்டில் இலேசான ஆட்டம் இருக்கலாம், ஆனால் எந்தப் பக்கம் தள்ளினாலும் இறகு சுவரில் உரசக் கூடாது. டோர்ச் அடித்து இறகுகளின் நுனியைப் பாருங்கள். நுனி மழுங்கியிருந்தால் ஏதோ ஒரு காலத்தில் தூசியோ கல்லோ தின்றிருக்கிறது. எனக்கு மூன்றாவதாகக் காட்டியதுதான் சரியாக இருந்தது. முதல் இரண்டிலும் ஒயில் கசிந்து காற்றுப் பக்கம் கரி பிடித்திருந்தது.

ஊருக்குக் கொண்டுவந்து தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவரிடம் காட்டினேன். ரோலர், ட்ரையர் எல்லாம் கழற்றிப் பூட்டிய கை. அவர் டர்போவை வைஸில் மெல்லப் பிடித்து, டயல் கேஜை தண்டின் நுனியில் நிறுத்தி, முன்பின் ஆட்டத்தை அளந்தார். 0.06 மில்லிமீட்டர். "இது ஓடும் தம்பி. சீலை மட்டும் மாத்திப்புடுவோம்" என்றார். சீல் செட்டுக்கும் சுத்தம் பார்த்ததுக்கும் 9,500. மெனிபோல்டின் முகத்தில் ஸ்டீல் ரூலை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான பீலர் கேஜை நுழைத்தால் நடுவில் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. சூட்டில் வளைந்திருக்கிறது. அப்படியே பூட்டினால் எந்தக் கேஸ்கட் போட்டாலும் ஊதும். அதைச் சீவி மட்டமாக்கியதும், காற்று முழங்கைக்கு 10 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு இடைத்தகடு கடைந்ததும் லேத் பட்டறையில் 7,500.

பழைய மெனிபோல்டைக் கழற்றுவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை. இங்கத்தைய மழையிலும் பனியிலும் ஓடிய வண்டியின் ஸ்டட்டும் (ஹெட்டில் பதிந்த மரைக் கம்பி) நட்டும் ஒரே துண்டாக இறுகியிருக்கும். டவுன்ஏஸில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் கை போகிற இடமும் குறைவு. ஸ்பேனருக்கு நீளக் குழாய் மாட்டி இழுக்கப் போனேன். மாமா கையைப் பிடித்து நிறுத்தினார். "ஸ்டட்டோட சண்ட போடாத. சூடு காட்டு, ஆற விடு, மறுபடி சூடு காட்டு. அது தானா வரும்." காஸ் டோர்ச்சால் நட்டைச் சிவக்கக் காய்ச்சி, ஆறும் நேரத்தில் துருப்பிடி இளக்கும் ஒயில் விட்டு, இறுக்கும் பக்கம் ஒரு துளி, கழற்றும் பக்கம் ஒரு துளி என்று ஆட்டி ஆட்டி எடுத்தோம். அப்படியும் பின் மூலையில் ஒன்று ஹெட்டின் முகத்தோடு ஒட்ட உடைந்தது. அதன் தலையில் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்ட் நிரப்பி, சூடு இறங்கும் முன்பே ஸ்பேனர் போட்டதும் சத்தமில்லாமல் சுழன்று வந்தது. வெல்டிங் சூடுதான் அங்கே வேலை செய்கிறது, நட்டு பிடிமானத்துக்குத்தான். ட்ரில் போட்டிருந்தால் ஹெட்டின் மரை போயிருக்கும்.

டர்போவுக்கு ஒயில் போகும் வழியை ஒயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு டீ துண்டு போட்டுப் பிரித்தோம். இங்கே கவனம். டொயோட்டாவின் அந்தச் சுவிட்ச் 1/8 அங்குல பீ.டீ. மரை, ஓர் அங்குலத்துக்கு 28 சுற்று. ஹார்ட்வெயாரில் சாதாரணமாகக் கிடைக்கும் அமெரிக்க என்.பீ.டீ. துண்டு 27 சுற்று. ஒன்றின் இடத்தில் மற்றதும் ஆரம்பத்தில் சுகமாக ஏறும், நாலு சுற்றுக்குப் பிறகு இறுகும். இறுகிவிட்டது, சரி என்று நினைப்பீர்கள். ஆனால் அது கசியும், அல்லது எஞ்சின் உடலான பிளாக்கின் மரையைத் தின்னும். மரை எண்ணும் தகடு இல்லாவிட்டால் பழைய சுவிட்சையே கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். ஒயில் பைப்பைப் பூட்டும், நடுவில் துளையுள்ள பான்ஜோ போல்ட்டின் இரண்டு பக்கமும் புதுச் செம்பு வாஷர் போட வேண்டும். பழையதைக் காய்ச்சிப் போடுவதெல்லாம் இந்த இடத்துக்கு வேண்டாம். சீட்டுக்கு அடியில், சூடான மெனிபோல்ட் பக்கத்தில் ஒயில் கசிந்தால் தீ.

திரும்பி வரும் ஒயிலுக்குத்தான் இரண்டு முறை வேலை செய்ய வேண்டி வந்தது. டர்போவுக்குள் ஒயில் அழுத்தத்தோடு போகிறது, வெளியே வரும்போது அழுத்தமே இல்லை, தன் பாரத்தால்தான் இறங்க வேண்டும். எஞ்சினுக்கு அடியில் ஒயில் தேங்கும் சம்பைக் கழற்றி பக்கவாட்டில் ஒரு குழாய்த் துண்டை வெல்ட் செய்தோம். குறுக்குச் சட்டம் ஒன்று வழியில் இருந்ததால் ஹோஸ் கொஞ்ச தூரம் கிட்டத்தட்டப் படுக்கையாகப் போயிற்று. ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. சாமான் இறக்கும்போது எஞ்சினை ஓட விட்டு நிறுத்தியிருந்தால் நீலப் புகை கிளம்பியது. சீல் போய்விட்டது என்றுதான் யாரும் சொல்வார்கள். பிட்டர் மாமா குனிந்து ஹோஸைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது தண்ணி மாதிரி வராது தம்பி. சுடுபால் நொர மாதிரி பொங்கிக்கிட்டு வரும். சரிவு பத்தாது, குழாயும் பத்தாது." மறுபடி சம்பை இறக்கி, குழாய்த் துண்டை 40 மில்லிமீட்டர் மேலே ஏற்றினோம். சம்பில் நிற்கும் ஒயில் மட்டத்துக்கு மேலே அது வந்தது. உள்விட்டத்தை 16இலிருந்து 19 மில்லிமீட்டராக்கினோம். சட்டத்தின் மறுபக்கமாக ஹோஸைச் செங்குத்தாக இறக்கினோம். நீலப் புகை அன்றோடு நின்றது. சீலைத் தொடவேயில்லை. இரண்டு முறை வெல்டிங், ஹோஸ் எல்லாம் சேர்த்து 5,500.

சம்ப் கீழே இருந்தபோது டோர்ச் அடித்து மேலே பார்த்தேன். டர்போவுக்கென்று செய்த பல டீசல் எஞ்சின்களில் பிஸ்டனின் அடியில் ஒயில் பீச்சும் சிறு நொசல்கள் இருக்கும். என் பிளாக்கில் இல்லை. பிஸ்டன் சூட்டைக் குறைக்க என்னிடம் அந்த வசதி கிடையாது. டீசலைக் கூட்டுவதில்லை என்ற முடிவை அது இன்னும் உறுதியாக்கியது.

காற்றுக் குழாய்க்கு இரண்டு அங்குல இரும்புப் பைப், இணைப்புகளுக்கு சிலிக்கோன் ஹோஸ், நல்ல கிளிப், 11,000. ரேடியேட்டருக்குப் போடும் கறுப்பு ரப்பர் ஹோஸைப் போட்டுப் பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்வார்கள். ஒயில் ஆவி பட்டால் அது ஊறிப் பருத்து, பாரத்தில் கழன்றுவிடும். ஃபில்டர் பெட்டியின் வாயைச் சில்லிலிருந்து தண்ணீர் அடிக்காத பக்கம் திருப்பி வைத்தேன். புகைப் பக்கம் புதுப் பைப், நெளியும் துண்டு ஒன்று, சைலன்சர் எல்லாம் 18,000. சீட்டுக்கு அடியில் சூடு தடுக்க ஒரு மில்லிமீட்டர் தகட்டை 15 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பூட்டினோம், 4,500. அந்த இடைவெளிதான் முக்கியம். தகட்டை அடித்தளத்தோடு ஒட்டிவிட்டால் தகடும் சேர்ந்து சுடும்.

பூட்டுவதற்கு முன் மேசையிலேயே செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. டர்போ எந்த அழுத்தத்தில் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் என்பதை அதன் பக்கத்தில் இருக்கும் சிறு டப்பாவும் கம்பியும்தான் தீர்மானிக்கின்றன. சைக்கிள் பம்ப்பை மீட்டரோடு சேர்த்து டப்பாவின் வாயில் மாட்டி மெல்ல அடித்தேன். 7 பீஎஸ்ஐயில் கம்பி நகர ஆரம்பித்தது, 9இல் முழுக்கத் தள்ளியது. அழுத்தத்தைப் பிடித்து வைத்துப் பார்த்தேன், இறங்கவில்லை. டப்பாவில் ஓட்டை இல்லை என்பது அப்போதே உறுதியாகிவிட்டது. கம்பியின் நீளத்தை மாற்றாமல் அப்படியே விட்டேன். நுவரெலியாவின் 81 கிலோபாஸ்கலோடு 7 பீஎஸ்ஐயின் 48ஐக் கூட்டினால் 129. கடல் மட்டத்தில் எஞ்சினுக்குக் கிடைக்கும் 101ஐவிட அது அதிகம். அழுத்தும்போது காற்று சூடாவதால் முழுப் பலனும் வராது, இருந்தாலும் மலை எடுத்துக்கொண்டது திரும்பக் கிடைத்துவிடுகிறது. அதே 7 பீஎஸ்ஐக்காக டர்போ கொழும்பில் சுற்றுவதைவிட இங்கே கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. கீழ்நாட்டில் ஒருவர் 12 வைத்து ஓட்டுகிறார் என்பதற்காக இங்கேயும் 12 வைக்க முடியாது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசலைத் திறந்து மூடும் பம்ப்பின் சொலினொய்ட் வயரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பற்றாமல் ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுழற்றினோம். திரும்பும் ஹோஸின் நுனியைப் போத்தலுக்குள் விட்டிருந்தோம். அதில் ஒயில் விழுந்த பிறகுதான் ஹோஸைப் பூட்டி வயரை மாட்டினோம். காய்ந்த டர்போவைச் சில நொடிகள் ஓட விட்டாலே பேரிங் போய்விடும். சூடேறி ஆறிய பிறகு மெனிபோல்ட் நட்டுகளை டோர்க் ரென்ச்சால் மறுபடி இறுக்கினோம். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இளகியிருந்தன.

அதே பாதை, அதே அளவு பாரம். புசல்லாவை ஏற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இறம்பொடைச் சுரங்கப் பாதையைத் தாண்டி ஏற ஏறத்தான் புரிந்தது. வழக்கமாக இரண்டாம் கியருக்கு இறக்கும் வளைவில் மூன்றாம் கியர் பிடித்தது. பூஸ்ட் 6க்கும் 7க்கும் நடுவில் நின்றது. 735 காட்டிய இடத்தில் இப்போது 615. சூட்டுக் கம்பியை டர்போவுக்கு முந்திய இடத்தில், நாலு வாயும் சேரும் முனையில் வைத்திருக்கிறேன், ஆகவே இது ஏமாற்று எண் இல்லை. டீசல் ஒரு சொட்டும் கூட்டவில்லை. இருந்த டீசல் முழுதாக எரிகிறது, அவ்வளவுதான். போய்வரும் கணக்கில் லீட்டருக்கு 9.5 கிலோமீட்டர் ஓடியது 10.2 ஆகியிருக்கிறது. புகைச் சான்றிதழுக்குப் போனபோதும் கடந்த வருஷத்து ரீடிங்கைவிடக் குறைவாகவே வந்தது.

பம்ப்பின் பின்னால் டீசலைக் கூட்டும் திருகு ஒன்று இருக்கிறது. கராஜில் நின்ற எல்லாருக்கும் அதன் மேல்தான் கண். "கொஞ்சமா ஒரு திருகு திருகிப் பாருங்கண்ணே, வேன் பறக்கும்" என்று சின்னப் பையன்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள அடையாளம் போட்டுவிட்டு அரைக்கால் சுற்று திருகினேன். இழுவை கூடியது உண்மை. லபுக்கலையில் 615 இருந்தது 690 ஆனது, புகையும் எட்டிப்பார்த்தது. என் வரம்பு 680. அன்றைக்கே பழைய அடையாளத்துக்குத் திருப்பி, மேலே வண்ணம் பூசிவிட்டேன். ஒயில் பீச்சாத பிஸ்டனும், வெடிப்புக்குப் பேர்போன ஹெட்டும் உள்ள எஞ்சினுக்கு 75 பாகை என்பது சின்ன விஷயமில்லை. ஓடும் ஆசைக்கு வேறு வண்டி இருக்கிறது. இது என் வீட்டு அடுப்பு எரிய வைக்கும் வண்டி.

கணக்கை முடித்துவிடுகிறேன். மேலே சொன்னவற்றோடு கேஸ்கட், ஸ்டட், வாஷர் வகையறா 8,000; ஒயில், ஃபில்டர், கூலன்ட் 16,000. முன்பு 5,000 கிலோமீட்டருக்கு மாற்றிய ஒயிலை இப்போது 3,000க்கு மாற்றுகிறேன். ஏற்றம் ஏறி வந்ததும் எஞ்சினை உடனே நிறுத்துவதில்லை. சூடு 250க்குக் கீழே இறங்கும்வரை சும்மா ஓட விடுகிறேன், மீட்டர் இருப்பதால் ஊகிக்க வேண்டியதில்லை. காப்புறுதிக்காரர்களுக்கும் எழுத்தில் அறிவித்துவிட்டேன்.

மறுபடி செய்தால் சம்பில் குழாயை வெல்ட் செய்யும் முன், டர்போவை வண்டியில் தொங்கவிட்டு ஹோஸ் போகும் பாதையைக் கயிற்றால் ஒத்திகை பார்ப்பேன். மெனிபோல்ட் ஸ்டட் எட்டையும் உடைந்தாலும் உடையாவிட்டாலும் புதிதாகப் போடுவேன். பழையதை மிச்சம் பிடித்ததில் ஒன்று இப்போதே கொஞ்சம் ஊதுகிறது, காலைக் குளிரில் டிக் டிக் என்று கேட்கிறது. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ரேடியேட்டரில் தண்ணீர் மட்டம் இறங்கினால் சத்தம் போடும் அலாரம். தண்ணீரே இல்லாவிட்டால் டெம்பரேச்சர் முள் பொய் சொல்லும், அதற்குள் ஹெட் போய்விடும். 3,500 ரூபா கேட்கிறார்கள். அடுத்த ஒயில் மாற்றத்தோடு அந்த ஸ்டட்டையும் இந்த அலாரத்தையும் சேர்த்தே போடப் போகிறேன்.